உயிரோடு ஒரு படம், சீவிய பிறகு ஒரு படம்

1

நான் ஒரு மடையன். என் மனைவி விமலா இதைக் கல்யாணமான புதிதிலிருந்தே வாய்மொழியாகச் சொல்லி வருகிறாள். இப்போது நானே எழுத்து மூலமாகக் கொடுத்துவிடுகிறேன். எலியின் கண்ணுக்குள் என்ன கெட்டுப்போயிருக்கிறது என்று பார்த்துச் சொல்வது பல வருஷமாக என் பிழைப்பு. அதற்காக வெள்ளைக் கோட்டு தருகிறார்கள், கிறிஸ்துமஸுக்கு ஒரு டப்பா பிஸ்கட் தருகிறார்கள். அப்படிப்பட்ட நிபுணனுக்கு, இருபது வயது வரை ஒரே பாயில் பக்கத்தில் படுத்த சொந்தத் தம்பியின் கண்ணைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. தெரியாமல் இருந்ததோடு நிறுத்தியிருந்தால் மன்னிக்கலாம். நான் அதை வைத்து ஒரு தெருவையே சிரிக்க வைத்தவன்.

இந்த ஊருக்கு வந்து பதினோரு வருஷம் நிறைந்த அன்றுதான் அது உறைத்தது. ஸ்காட்லாந்தில் கடலோரமாக இருக்கிற ஊர். காற்று அடிக்காத நாளைத் திருவிழா மாதிரி பேசிக்கொள்வார்கள். விமலா நர்ஸ். வேலை கிடைத்தது அவளுக்கு. அவளுடைய பெட்டியோடு பெட்டியாக நானும் வந்து இறங்கினேன். விசாத் தாளில் என் பெயருக்கு நேராக 'சார்ந்திருப்பவர்' என்று அடித்திருந்தார்கள். ஓசூர்த் தொழிற்சாலையில் ஏழு பேரை மேய்த்தவன், ஒரு விமானத்தில் ஏறி இறங்குவதற்குள் சார்ந்திருப்பவன் ஆனேன்.

பெயர் சமாச்சாரம் அதைவிட மோசம். எனக்கு மாதேஷ் என்று ஒரே பெயர், முன்னால் ஒரு 'மு'. குடும்பப் பெயர் என்ன என்று அலுவலகத்தில் இருந்த அம்மாள் கேட்டாள். இல்லை என்றேன். எல்லாருக்கும் இருக்கும், யோசித்துப் பார் என்றாள். நான் எங்கேயோ கைமறதியாக வைத்துவிட்டு வந்த மாதிரி. கடைசியில் அந்த 'மு'வை விரித்து அப்பா பெயரை எழுதிக் கொடுத்தேன். அன்றிலிருந்து நான் மிஸ்டர் முனியப்பா. தேன்கனிக்கோட்டைப் பக்கம் கேழ்வரகுக் காட்டில் நின்ற என் அப்பாவை உயிரோடு இருந்தவரை ஒருவரும் மிஸ்டர் போட்டுக் கூப்பிட்டதில்லை. செத்த பிறகு இந்த ஊர் பல் டாக்டர் கூப்பிடுகிறார்.

பதினோராம் வருஷ நிறைவை நான் கொண்டாடிய விதத்தைச் சொல்கிறேன். விமலா ராத்திரி டியூட்டி முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். மகள் கவிதா பள்ளிக்கூடம் போயிருந்தாள். சமையலறையில் நானும் ஒரு பிஸ்கட்டும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அப்போது வாசல் கதவின் ஓட்டை வழியாகத் தம்பி முனிராஜின் கடிதம் விழுந்தது.

முனிராஜ் ஓசூரில் அம்மாவோடு இருக்கிறான். ஒரு தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றி இறக்கும் கம்பெனி பஸ் ஓட்டுகிறான். அதுவரை அவனுக்குப் பகல் ஷிஃப்டு மட்டும். கடிதத்தில் நாலு வரி நலம். கீழே ஒரு சேதி: பொங்கல் கழிந்ததும் செகண்ட் ஷிஃப்டு பஸ்ஸை அவனுக்குக் கொடுக்கப்போகிறார்கள். ஷிஃப்டு முடிந்து, இருட்டில் நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு சூளகிரி வழியாகக் கிருஷ்ணகிரி போய்த் திரும்ப வேண்டும். அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பிவிட்டாள் என்று எழுதியிருந்தான். அவனுக்கு எப்படி இருக்கிறது என்று எழுதவில்லை.

படித்தேன், மடித்துக் கோட்டுப் பையில் வைத்தேன், வேலைக்குப் போனேன். அந்தக் கடிதம் என்ன சொல்கிறது என்பதை அன்று மத்தியானம் ஓர் எலி எனக்குப் புரிய வைத்தது.

2

எலியிடம் போவதற்கு முன்னால் நான் எப்படி எலியிடம் வந்தேன் என்று சொல்லிவிட வேண்டும்.

கிருஷ்ணகிரி காலேஜில் விலங்கியல் படித்துவிட்டு, படிப்புக்குச் சம்பந்தமே இல்லாமல் ஓசூரில் வண்டிப் பாகம் செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதனையில் சேர்ந்தேன். அங்கே பரிசோதனை இரண்டு வகை. ஒன்று, பாகத்தை அறுத்து, தேய்த்துக் கண்ணாடி மாதிரி மினுக்கி, ஆசிட் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. இரும்புக்குள் இருக்கிற சூதெல்லாம் தெரிந்துவிடும். ஆனால் அறுத்த பல்சக்கரத்தை எந்த வண்டியிலும் மாட்ட முடியாது. இன்னொன்று, அறுக்காமல் பார்ப்பது. சிவப்புச் சாயத்தைப் பூசித் துடைத்து, மேலே வெள்ளைப் பொடி அடித்தால் விரிசல் உள்ள இடத்தில் சிவப்பாக ஒரு கோடு எழும்பும். பாகம் பிழைத்து வண்டிக்குப் போகும். ஆனால் மேலே வாய் திறந்த விரிசல்தான் தெரியும். உள்ளுக்குள் ஊமையாக இருக்கிற விரிசலுக்கு அது சாட்சி சொல்லாது.

இங்கே வந்து மூன்று வருஷம் கடை அலமாரிகளில் டப்பா அடுக்கிய பிறகு, பல்கலைக்கழகக் கண் ஆராய்ச்சிக் கூடத்தில் உதவியாளர் வேலைக்கு எழுதிப் போட்டேன். அங்கே மேலதிகாரி டாக்டர் ஐலீன் என்கிற அம்மாள். என் வயதுதான் இருக்கும். கண்ணைச் சீவிப் பழக்கம் உண்டா என்று கேட்டாள். பல்சக்கரம் அறுத்திருக்கிறேன் என்றேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எப்படி என்று சொல்லச் சொன்னாள். மேலே சொன்னதைத்தான் சொன்னேன். எங்கள் ஆராய்ச்சியும் இதேதான் என்றாள். வேலை கொடுத்துவிட்டாள்.

உண்மையிலேயே இதேதான். எங்கள் எலிகள் ஒரு தனி வம்சம். பிறக்கும்போது நல்ல கண், வளர வளர விழித்திரை கெட்டுக்கொண்டே போகும். அது எப்படிக் கெடுகிறது என்று இரண்டு விதமாகப் பார்க்கிறோம். எலிக்கு மயக்கம் கொடுத்து, கண்பாப்பாவை விரிக்கிற சொட்டு மருந்து விட்டு, கண் காயாமல் உப்புத் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு வைத்து, கேமராவால் உயிரோடு இருக்கும்போதே கண்ணின் உட்சுவரைப் படம் எடுப்பது ஒரு விதம். சில நாள் ஊசி மூலம் சாயம் ஏற்றினால் ரத்தக் குழாயெல்லாம் பச்சையாக ஒளிரும். ஓசூரில் சிவப்பு, இங்கே பச்சை. அவ்வளவுதான் என் உத்தியோக உயர்வு. எலி மூச்சு விட்டால் படம் ஆடிவிடும். ஒரு பிலிம் சுருளில் நாலு படம் தேறினால் அன்றைக்கு எனக்குப் பண்டிகை.

இன்னொரு விதம், எலியைக் கொன்று, கண்ணை எடுத்து, மருந்தில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி, கண்ணாடித் துண்டில் பார்ப்பது. விழித்திரையின் ஒவ்வோர் அடுக்கும் அட்டை அடுக்கின மாதிரி தெரியும். ஆனால் அந்த எலிக்கு அடுத்த மாதம் என்ன ஆகியிருக்கும் என்று அந்தக் கண்ணாடி ஒருநாளும் சொல்லாது. அந்த எலிக்கு அடுத்த மாதம் கிடையாது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு எழுதுவது என் வேலை. ஒரே கண், உயிரோடு எடுத்த படம், சீவிய பிறகு எடுத்த படம். இரண்டும் ஒத்துப்போனால் சந்தோஷம். பெரும்பாலும் ஒத்துப்போகாது. உயிர்ப்படத்தில் எல்லாம் நன்றாக இருக்கும். சீவிப் பார்த்தால் வெளிச்சத்தை வாங்குகிற அடுக்கில் பாதி காலி. மேலே தெரிவதற்குள் உள்ளே பாதி போயிருக்கும் என்பதுதான் இத்தனை எலிகள் உயிரைக் கொடுத்து எங்களுக்குச் சொன்ன சேதி.

சீவினால் மட்டும் சத்தியம் என்றும் நினைத்துவிடாதீர்கள். சேர்ந்த புதிதில், எல்லா எலிக்கும் விழித்திரை சுவரைவிட்டுக் கழன்றுவிட்டது, பெரிய கண்டுபிடிப்பு, என்று ஓடினேன். ஐலீன் பொறுமையாகப் பார்த்துவிட்டு, கழன்றது எலியின் கண்ணில் இல்லை, நீ மருந்தில் ஊறவைத்ததில் சுருங்கிக் கழன்றது என்றாள். செத்த கண்ணைப் பதப்படுத்துகிறவன் கையும் அதில் பதிந்துவிடும் என்று அன்று தெரிந்தது.

இங்கே யாரும் யாரையும் திட்ட மாட்டார்கள், பாராட்டவும் மாட்டார்கள். முதல் வருஷம் என் ஸ்லைடுகளைப் பார்த்து ஐலீன் 'மோசமில்லை' என்று சொல்லச் சொல்ல நான் வேலை போகப்போகிறது என்று பயந்து சாப்பிடாமல் கிடந்தேன். 'மோசமில்லை' என்றால் இந்த ஊரில் பிரமாதம் என்று விமலாதான் ஆஸ்பத்திரியில் விசாரித்து வந்து சொன்னாள். ஒரு வருஷத்துப் பாராட்டை மொத்தமாக அன்று ராத்திரி அனுபவித்தேன்.

பேச ஆள் இல்லாததால் எலிகளோடு பேசுவேன். கன்னடத்தில். தமிழில் பேசினால் அம்மா ஞாபகம் வரும். தெலுங்கில் பேசினால் மாமியார் ஞாபகம் வரும். கன்னடத்தில் ஆபத்து இல்லை. பெயர் வைக்காதே என்பது சட்டம். ஆனாலும் ஒன்றுக்கு என் பழைய சூப்பர்வைசரின் பெயரை வைத்தேன். அதைச் சீவுகிற நாள் வந்தபோது கை கொஞ்சமும் நடுங்கவில்லை. மற்ற நாட்களில் நடுங்கியிருக்கிறது.

3

அந்தக் கடிதம் வந்த மத்தியானம், எலிகளின் நடமாட்டத்தைக் குறிக்கிற வேலை. அகலமான தொட்டியில் அங்கங்கே கட்டைகளை வைத்து, விளக்கை மங்கலாக்கி, எலியை விடுவோம். நல்ல கண் உள்ள எலி கட்டைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓடும். கெட்ட கண் உள்ளது முட்டிக்கொள்ளும்.

அன்று விட்ட எலி முட்டிக்கொள்ளவில்லை. இடது விலாவைத் தொட்டியின் சுவரோடு ஒட்டிக்கொண்டு, அளந்து வைத்த மாதிரி போயிற்று. சுவரில் சின்னதாக ஒரு வாசல் வெட்டியிருக்கும். அது வந்ததும் நின்றது. மீசையை நீட்டித் தடவியது. மறு பக்கம் சுவர் கிடைத்ததும் மேலே போயிற்று.

ஐலீன் குறித்துக்கொண்டே, இது கெட்டிக்காரி, வழியை மனப்பாடம் பண்ணிவிட்டது, புதிதாகப் பார்க்கிறவர்கள் கண் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள் என்றாள்.

நான் சிரித்தேன். சிரித்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

ஓசூரில் எங்கள் வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு நீளமான காம்பவுண்டுச் சுவர் உண்டு. பொழுது சாய்ந்தால் முனிராஜ் இடது கையால் அந்தச் சுவரை உரசிக்கொண்டேதான் வருவான். நடுவில் இரும்புக் கேட் வந்ததும் நிற்பான். கையை நீட்டுவான். அந்தப் பக்கத்துச் சுவர் கிடைத்ததும் நடப்பான். விளையாட்டு என்று நினைத்தோம். பின்னாலேயே போய் அவனைப் போலவே நடந்து காட்டி நான் கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

4

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. விளக்கு வைத்த பிறகு ஆம்பளைகள் வாசலைத் தாண்டக்கூடாது. அது முனி நடமாடுகிற நேரம், குறுக்கே போனால் அடித்துவிடுவார் என்பார் அப்பா. மற்ற வீட்டு ஆம்பளைகள் விளக்கு வைத்த பிறகுதான் வெளியே கிளம்புவார்கள், கள்ளுக்கோ சீட்டுக்கோ. அதனால் தெருவில் எங்கள் வீட்டுக்கு நல்ல பெயர். இந்த ஊரில் குளிர்காலத்தில் மூன்றரை மணிக்கே இருட்டிவிடும். அப்பா இங்கே வந்திருந்தால் மத்தியானச் சாப்பாட்டோடு கதவைச் சாத்தியிருப்பார்.

சட்டத்தில் எனக்கு மட்டும் விலக்கு இருந்தது. ராத்திரியில் தீப்பெட்டி வேண்டும், வெற்றிலை வேண்டும் என்றால் அப்பா என்னைத்தான் அனுப்புவார். பெரியவனை முனி ஒன்றும் செய்யமாட்டார் என்பார். குலதெய்வத்துக்கே என்மேல் ஒரு தனிப் பிரியம் என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன். யாருக்கு இருட்டில் கண் தெரியும், யாருக்குத் தெரியாது என்று அப்பாவுக்கு அப்போதே கணக்குத் தெரிந்திருக்கிறது. ஆராய்ச்சிக் கூடம் இல்லாமல், எலி இல்லாமல்.

அவருடைய சொந்த ஊரில் கேழ்வரகு முற்றுகிற நாளில் யானை வரும். ஆம்பளைகள் ராத்திரியெல்லாம் பரண்மேல் உட்கார்ந்து தகரம் தட்டுவார்கள். அப்பா பரண் ஏறமாட்டேன் என்றுவிட்டார். ஆனைக்குப் பயந்த முனியப்பன் என்று பெயர் விழுந்தது. அந்தப் பெயரைச் சுமக்க முடியாமல்தான் காட்டை அண்ணனிடம் விட்டுவிட்டு ஓசூருக்குக் கூலிக்கு வந்தார். அம்மா அவருடைய அக்கா மகள். சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்று கட்டிவைத்தார்கள்.

இதை நான் ஐலீனிடம் சொன்னது மறுநாள். அவள் ஒரு தாளில் கட்டமும் வட்டமும் போட்டு, கோடு இழுத்து, கண் கெட்டவர்கள் என்று அப்பாவையும் முனிராஜையும் கறுப்பாகத் தீட்டினாள். எங்கள் எலி வம்சத்தின் அட்டவணையும் சுவரில் அதே மாதிரிதான் தொங்குகிறது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். தேநீர் வேண்டுமா என்று கேட்டாள். இங்கே துக்கம் விசாரிக்கிற முறை அது.

நான் அவளிடம் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. முனிராஜுக்கு எட்டு வயதில் அம்மா ஏதோ சந்தேகப்பட்டு, மாலைக்கண் என்று யாரோ சொல்ல, வாராவாரம் ஆட்டு ஈரல் வாங்கி அவனுக்கு மட்டும் வறுத்துப் போட்டாள். எங்கள் வீட்டில் ஈரல் என்பது தீபாவளிக்குச் சமானம். விளக்கு மங்கல். அவன் தட்டைத் தடவிச் சாப்பிடுவதற்குள் பாதித் துண்டு என் வாய்க்குள் போயிருக்கும். ரெண்டு மாதத்தில் அவன் கண் சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டான். அம்மா ஈரலை நிறுத்திவிட்டாள். பொழுது சாய்ந்தால் வீடு அடைகிறான் என்று நான் அவனுக்குக் கோழி என்று பெயர் வைத்தேன். தெருவே அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டது. அவனும் கூடச் சிரித்தான்.

அந்த ஈரலை அவன் முழுசாகச் சாப்பிட்டிருந்தால் கண் பிழைத்திருக்குமா என்று ஐலீனிடம் கேட்டேன். இல்லை, இது சத்துக் குறைவால் வருவது இல்லை, வம்சத்தில் வருவது, இதற்கு இன்றைக்கு மருந்தும் இல்லை என்றாள். ஒரு நாள் நிம்மதியாக இருந்தேன். மறுநாள் அந்த நிம்மதியை நினைத்து வெட்கமாக இருந்தது.

5

உடனே தம்பிக்கு எழுதினேன். எழுதியதைச் சொன்னால் நீங்களும் விமலாவின் கட்சிக்குப் போய்விடுவீர்கள். 'செகண்ட் ஷிஃப்டா? பஸ் மூக்கில் ஒரு சேவலைக் கட்டி வை. சேவல் கண்ணை மூடினால் நீயும் பிரேக்கைப் போடு. இங்கே எங்கள் எலிகளுக்கும் உன் கண்தான், ஒன்றுக்கும் லைசென்ஸ் கொடுக்கவில்லை' என்று எழுதினேன். அதற்குள் விஷயம் இருக்கிறது, அவன் புரிந்துகொள்வான் என்று நினைப்பு. எனக்கு வேறு மாதிரி எழுதத் தெரியவில்லை என்பது நிஜம்.

மூன்று வாரம் கழித்துப் பதில். சேவலுக்கு நைட் ஷிஃப்டு அலவன்ஸ் உண்டா என்று கம்பெனியில் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுதியிருந்தான்.

சாப்பிடும்போது அதைக் கவிதாவுக்கு ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தேன். அவளுக்குப் பத்து வயது. தமிழ் கேட்டால் புரியும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும். சித்தப்பா என்றால் அவளுக்குப் பீரோவில் இருக்கிற ஒரு போட்டோ. அதுவும் சீவி வைத்த ஸ்லைடு மாதிரிதான், பதினோரு வருஷமாக ஒரே சட்டை. அவள் சிரிக்காமல் உருளைக்கிழங்கை முள்கரண்டியால் குத்திக்கொண்டே கேட்டாள்: நீ அவரிடம் சொன்னாயா, இல்லை ஜோக் அடித்தாயா?

இரண்டும்தான் என்றேன்.

இல்லை, ஒன்றுதான் என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

6

டிசம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை. இங்கே காலை, அங்கே மத்தியானம். தெருமுனை டெலிபோன் கடைக்குக் கூப்பிட்டு, கடைக்காரரிடம் தெலுங்கில் கெஞ்சி, முனிராஜை அழைத்து வரச் சொன்னேன். பத்து நிமிஷம் கழித்து மறுபடி கூப்பிட்டேன். மூச்சு வாங்க வந்தான். அம்மாவுக்கு ஒன்றும் இல்லை, எல்லாரும் சௌக்கியம் என்று அவனாகவே முந்திக்கொண்டான். போன் வந்தாலே சாவுச் செய்தி என்று எங்கள் இரண்டு பக்கமும் பயம்.

செகண்ட் ஷிஃப்டு வேண்டாம் என்றேன். அவன் காரணம் கேட்டான். எலியைச் சொன்னேன்.

"எலிக்குப் பாத்துட்டு எனக்கு ஜோசியம் சொல்றியாண்ணா? கம்பெனியில கண்ணு டெஸ்டு வெச்சாங்க. போர்டுல கடைசி வரி வரைக்கும் படிச்சன்."

"அது பகல்ல, நேரா பாக்கறது. அது இன்னும் கெடல. உனக்கு ஓரம் தெரியாது. இருட்டுல ஒண்ணுமே தெரியாது."

பின்னால் ஏதோ லாரி போயிற்று. அப்புறம் சொன்னான்:

"தெரியும்."

எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

"நீ என் தட்டுல ஈரல எடுத்தியே, அப்பலருந்து. கண்ணு தெரிலன்னா காதும் கேக்காதா? நீ மெல்றது கேட்டுக்குனேதான இருந்தன்."

அந்த நிமிஷத்தில் சொல்வதற்கு என்னிடம் ஒரு ஜோக் கூட இல்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவை. ஏன் அம்மாவிடம் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டேன்.

"அப்பவே ஒருதடவ சொன்னன். அம்மா அழுதா. நீ கோழின்னு கூப்ட்ட, சிரிச்சா. அதுவே இருக்கட்டும்னு உட்டுட்டன்."

பஸ் விஷயத்தை அவன் ரொம்ப நேரம் சொன்னான். பகல் ஷிஃப்டை இத்தனை நாள் மற்ற டிரைவர்களிடம் மாற்றி மாற்றி வாங்கிக் காப்பாற்றிக்கொண்டானாம். இனி மாற்ற முடியாதாம். முடியாது என்று சொன்னால் தேன்கனிக்கோட்டை வரைக்கும் சேதி போகும். அப்பன் ஆனைக்குப் பயந்தான், மகன் இருட்டுக்குப் பயந்தான் என்பார்கள். முனியப்பன் மகன் ராத்திரி பஸ் ஓட்டப்போறான் என்று அம்மா இப்போதுதான் அந்த ஊர்க் கல்யாணத்தில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறாள் என்றான். பெங்களூரில் போய்க் கண்ணுக்குள் படம் எடுத்துப் பார்க்கச் சொன்னேன். உயிரோடு எடுக்கிற படம், வலிக்காது என்றேன்.

"மருந்து இருக்குதா?"

"இல்ல."

"அப்பறம் பாத்து என்னா?"

பஸ்ஸில் நாற்பது பேர் என்றேன்.

"அவங்க பேரெல்லாம் எனக்குத் தெரியும்ணா. உனக்குத்தான் தெரியாது" என்று சொல்லி வைத்துவிட்டான்.

7

அன்றே உட்கார்ந்து எட்டுப் பக்கம் எழுதினேன். ஒரு வேடிக்கையும் இல்லை. மேலே தெரிவதற்குள் உள்ளே பாதி போயிருக்கும் என்பதை எழுதினேன். தொட்டியில் நடந்த எலியை எழுதினேன். அப்பா ஏன் பரண் ஏறவில்லை என்பதை எழுதி, அவர் பயந்தவர் இல்லை, காவலுக்குக் கண் இல்லாமல் பரண்மேல் உட்கார்ந்து ஊரை ஏமாற்றாதவர் என்று எழுதினேன். பதினோரு வருஷமாக அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறவன் என்கிற உரிமையில் எழுதினேன். ஈரலுக்கு மன்னிப்புக் கேட்டேன், கோழிக்கும் கேட்டேன். கடைசிப் பக்கத்தில், பொங்கலுக்குள் நீயாகக் கம்பெனியில் சொல்லாவிட்டால் நான் இங்கிருந்து அவர்களுக்கு எழுதிவிடுவேன் என்று எழுதினேன். தம்பியை மிரட்டி நான் எழுதிய ஒரே வரி அது. அடித்து அடித்து மூன்று தடவை எழுதினேன்.

விமலா முழுவதும் படித்தாள். கம்பெனிக்கு எழுதுவேன் என்ற இடத்தில் விரலை வைத்து, நிஜமாகவே செய்வீங்களா என்று கேட்டாள். செய்வேன் என்றேன். அவள் என்னை மடையன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

முடிவில் இரண்டு கேள்வி கேட்டிருந்தேன். பஸ்ஸை விட்டுவிட்டாயா? என்னை மன்னிப்பாயா? இரண்டுக்கும் பதில் எழுது என்று எழுதி அடியில் கோடு போட்டிருந்தேன்.

பொங்கல் வந்தது. மின் அடுப்பில் பால் பொங்கி வழிந்து, புகை மணி அலறி, கீழ்வீட்டுக் கிழவர் மேலே வந்து, தீப் பிடித்ததா என்று கேட்டார். இல்லை, இது எங்கள் பண்டிகை என்றேன். வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார். கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதி, உறையில் போட்டு, தபால்தலை ஒட்டி, ரொட்டி டப்பாவின்மேல் வைத்திருந்தேன். தினமும் வேலைக்குக் கிளம்பும்போது அதைப் பார்ப்பேன். இன்னும் ஒரு நாள் பார்க்கலாம் என்று கிளம்புவேன். ஆராய்ச்சிக் கூடத்தில் ஐலீன் ஒன்றும் கேட்கமாட்டாள். எலிகளோடு கன்னடத்தில் பேசுவதையும் நிறுத்திவிட்டேன். பொங்கல் கழிந்து ஒன்பதாம் நாள், இன்றைக்குப் போட்டுவிடுவது என்று உறையைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

கதவோரம் நீல நிற விமானத் தபால் ஒன்று கிடந்தது. நின்றபடியே பிரித்தேன். மூன்று மடிப்பு, இரண்டு பக்கமும் எழுத இடம். அவ்வளவு இடத்தில் முனிராஜ் ஒரே ஒரு வரி எழுதியிருந்தான்:

"பஸ்ஸ விட்டுட்டன்."